பகழி தீட்டிய பாறையும் நகநுனியும்

தமிழில் ஓரெழுத்தொருமொழியாய் நின்று பொருள் பயக்கும் சொற்களுள் 'வை' என்பதும் ஒன்று. ஒரு பொருளை ஓரிடத்தில் இருத்துதலும், பிறரை வசை கூறுதலும், கதிர் அடித்தபின் எஞ்சும் வைக்கோலும் அச்சொல்லாற் குறிக்கப்பெறும். ஆசிரியர் தொல்காப்பியனாரோ உரியியலில் இதற்குக் கூர்மை என்னும் பொருளை எடுத்தோதினார். பள்ளிப் பிள்ளைகட்கு இப்பொருள் புதிதாய்த் தோன்றும். சான்றோர் செய்யுட்களிற் பயின்றார்க்கு அங்ஙனம் தோன்றாது. அம்பின் முனையும், வேலின் முனையும், இளமகளிரின் பல்லும் அவற்றுள் 'வை' என்னும் அடைபெற்று வருதலை அவர் பன்முறை கண்டிருப்பர். கூர்மைக்கென ஓரெழுத்தில் ஒரு சொல்லை வைத்துக்கொண்ட மக்கள், அக்கூர்மையை உண்டாக்கும் முறையிலும் கருத்துடையராய் இருந்திருத்தல் வேண்டுமன்றோ? இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகுவது வேட்டுவன் அம்பின் கூர்மை ஒன்றையே.

இதனை எழுதுதற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் சங்க வெளியீட்டில் கொல்லுத்தொழிலின் தொன்மையைக் குறித்துக் கட்டுரைகள் பல வந்துள. அவற்றுட் பெரும்பாலன பொன்முடியார் பாடிய புறநானூற்றுச் செய்யுளை முன்னிறுத்தும். தாய், தந்தை, வேந்தன் ஆகியோர் கடமைகளோடு கொல்லன் கடமையையும் ஒருங்கு வைத்து அம்மூதாட்டியார் எண்ணினார் என்பது பெருமைக்குரியதே. ஆயினும் அச்செய்யுள் வேலைப் பற்றியது, போர்க்களத்தைப் பற்றியது. வேட்டைக் கணையைக் குறித்து அதிற் சொல் ஒன்றும் இல்லை. பத்தாண்டுகட்கு முன் இவ்விதழில் யாம் எழுதிய கட்டுரை ஒன்றில், அச்செய்யுளையே சான்றாகக் கொண்டு, வேடர்தம் அம்புகளை அவ்வப்போது தீட்டிக் கொடுத்தவரும் கொல்லரே என்று எழுதிவிட்டோம். பெருமை பேசுங்கால் பிறர்க்குரியதையும் நம்மதாக்கிக்கொள்ளுதல் எளிது. அன்று எழுதியது பிழை. அப்பிழையை எமக்கு உணர்த்தியவை குறுந்தொகைச் செய்யுட்கள் இரண்டும், ஏட்டுக்கல்வி மூன்றாம் வகுப்போடு நின்ற எம் தந்தையாரின் கைகளுமாம்.

முதற்கண் அருங்காட்சியகத்திற் கிடைக்கும் சான்றைப் பார்ப்போம். தாமிரபரணியின் தென்கரையிலுள்ள ஆதிச்சநல்லூரை 1876-ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து அறிஞர் ஜாகோர் என்பார் முதலில் அகழ்ந்தார். பின்னர் 1899 தொடங்கி அலெக்ஸாண்டர் ரீ என்பார் விரிவாக அகழ்ந்தார். தாழிகளோடு இரும்பு வாள்களும், ஈட்டிகளும், அம்பலகுகளும் அங்கே வெளிப்பட்டன. அவற்றுட் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திற் காணலாம். அண்மையில், 2025-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், தமிழக அரசு வெளியிட்ட இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையில், சிவகளையிற் கிடைத்த சான்றுகட்குக் கி.மு. 3345 வரை காலம் கணிக்கப்பெற்றுளது. இது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தருவது. ஆயின் ஓர் அம்பலகு எத்துணைப் பழமையுடையது என்பதைத் தாழி சொல்லும். அது எத்துணைக் கூரியதாய் இருந்தது என்பதைச் சொல்லாது. துரு முதலில் தின்பது மெல்லிய விளிம்பையே. கண்ணாடிப் பெட்டிக்குள் நாம் காணும் அம்பலகு எதற்கும் கூர் என்பது இல்லை. தீட்டியவன் கைத்தடத்தை மண் உண்டுவிட்டது. அத்தடத்தைத் தேடுவார் பாட்டிடத்திற்றான் தேடுதல் வேண்டும்.

குறுந்தொகை முதன்முதலில் 1915-ஆம் ஆண்டில் சௌரிப்பெருமாள் அரங்கனார் உரையுடன் அச்சேறியது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்களின் பதிப்பு 1937-இல் வந்தது. இந்நூலுக்குப் பேராசிரியர் முந்நூற்றெண்பது செய்யுட்கட்கு உரை வகுத்தார் என்றும், எஞ்சிய இருபதுக்கு நச்சினார்க்கினியர் வகுத்தார் என்றும் வழிவழிச் செய்தி உண்டு. அவ்வுரைகள் இன்று கிடைத்தில. ஆகவே, பழந்தொழில் ஒன்றைக் குறிக்கும் சொல் இந்நூலில் வருமிடத்து, அத்தொழிலைக் கண்ணாற் கண்ட பழைய உரைகாரர் துணை நமக்கு இல்லை. தொழிலறிந்தார் துணையே எஞ்சுகின்றது.

பன்னிரண்டாம் செய்யுள் ஓதலாந்தையார் பாடியது, பாலைத்திணை. தலைவன் தேர் சென்ற வழி இத்தகையது என்று தலைவி கூறுகின்றாள். எறும்பு வளைகளைப் போன்ற சிறிய பல சுனைகளையுடைய பாறை ஒன்று அவ்வழியில் உளது. வெயிலில் அது கொல்லன் உலைக்களத்துப் பட்டடைக்கல்லைப் போல் காய்ந்து கிடக்கின்றது. வளைந்த வில்லையுடைய எயினர் அதன்மீது ஏறி, அம்பை 'மாய்க்கின்றனர்'. 'மாய்த்தல்' என்பது அழித்தல், கொல்லுதல் என்னும் பொருளில் வழங்கும் சொல். எம் வகுப்பில் ஒருமுறை சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, வேடன் அம்பாலே மானைக் கொல்வான், அம்பையே ஏன் கொல்கிறான்?" என்று வினவினான். வகுப்பு முழுதும் சிரித்தது. யாமும் சிரித்து, "இங்குத் தீட்டுதல் என்று பொருள், எழுதிக்கொள்" என்று சொல்லி அமைந்தோம். அச்சிறுவன் வினா அத்துணை எளியதன்று என்பது பின்னரே விளங்கிற்று. தீட்டுதல் என்பது கூர்மையைச் சேர்ப்பதன்று, மழுங்கலை அழிப்பது. கல்லில் தேய்க்குந்தோறும் இரும்பு குறைகின்றது. எத்தனை முறை தீட்டினரோ அத்தனை முறை அம்பலகு சிறுத்திருக்கும். கடைசியில் காம்பு மட்டும் எஞ்சிய அம்பலகை அதனைத் தீட்டித் தீட்டியே மாய்த்தான் என்றாலும் பிழையில்லை.

அச்செய்யுளில் யாம் முன்னர்க் கவனியாதது சுனை. பாறையின் வெம்மையை மிகுத்துக் காட்டப் புலவர் அதனை உலைக்களத்துக் கல்லோடு ஒப்பிட்டார் என்று சொல்லிக் கொடுத்தோம். சுனைகளை வெறும் வருணனை என்று விட்டுவிட்டோம். ஒருநாள் எம் தந்தையாரிடம் இதனைச் சொன்னபோது அவர், "பாறையும் இருக்கிறது, பக்கத்திலே தண்ணீரும் இருக்கிறது, தீட்டுகிறவன் வேறெங்கே போவான்?" என்றார். உண்மை. கல்லில் இரும்பைத் தேய்க்கும்போது கல்லின் துகளும் இரும்பின் துகளும் சேர்ந்து கல்லின் நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். அடைத்தபின் கல் இரும்பைத் தின்னாது, வழுக்கும். நீர் தெளித்தால் அத்துகள் கழுவுண்டு போம். சாணைக்கல்லின் அருகே நீர்த்தொட்டி வைப்பது அதன்பொருட்டே. புதிய கற்காலத்தார் தம் கற்கோடரிகளைத் தீட்டிய வழவழப்பான பள்ளங்கள் பாறைகளில், பெரும்பாலும் நீர் நிற்கும் இடங்களின் அருகே, காணப்பெறுகின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குன்றுகளிலும் அவை உள. இரும்பு வருமுன்னரே கல்லும் நீரும் ஒருங்கு கிடைக்கும் இடத்தைத் தேடிச் சென்ற மக்கள் வழியிலேயே எயினரும் சென்றனர் போலும். கோடையில் அச்சுனைகளில் நீர் இருந்ததா என்று செய்யுள் சொல்லவில்லை. இருந்தது என்று யாம் வற்புறுத்த மாட்டோம். பாறையைத் தேர்ந்தவர் சுனையுள்ள பாறையைத் தேர்ந்தனர் என்ற அளவே போதும்.

இங்குத் தீட்டுபவர் எயினர் என்பதை நேயர் குறித்துக்கொள்க. கொல்லர் அல்லர். கொல்லன் உலைக்களம் அங்கே உவமையாக மட்டும் வருகின்றது.

இனிக் கூர் தீட்டுதலின் இயல்பைச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். நம் குடும்பங்களிலே இளைஞர் பலர்க்கு இஃது இன்று கேள்வியளவினும் இல்லை. இரும்பு வேறு, எஃகு வேறு. கரி மிகக் குறைந்த மெல்லிரும்பை எவ்வளவு தீட்டினும் அதன் விளிம்பு விரைவில் மடங்கிப்போம். நூறு பங்கு இரும்பில் அரைப் பங்கு முதல் ஒரு பங்கு வரை கரி கலந்த எஃகைச் செம்மையாகக் காய்ச்சி நீரில் தோய்த்தால், அது கடுமையாக இறுகும். ஆனால் அந்நிலையில் அது கண்ணாடியைப் போல் உடையவும் உடையும். ஆதலின் மறுபடியும் இளஞ்சூட்டிற் காட்டி அக்கடுமையைச் சற்றே தணிப்பர். தேய்த்து வெள்ளையாக்கிய எஃகின்மீது அப்போது நிறம் ஓடும். ஏறத்தாழ 230 பாகை வெப்பத்தில் வைக்கோல் நிறமும், 300 பாகையளவில் நீலமும் தோன்றும். எந்நிறத்தில் நிறுத்துவது என்பதிலேயே கொல்லன் திறம் இருக்கின்றது. வெப்பமானி ஏதுமின்றி எம் பாட்டனார் நிழலில் நின்று அந்நிறத்தைப் பார்த்து நிறுத்துவாராம். வெயிலில் நிறம் ஏமாற்றும் என்பது அவர் சொல்.

அம்பலகுக்கு உச்சக் கடுமை ஆகாது. எலும்பிற் பட்டால் விளிம்பு பல்லுப்பல்லாய்த் தெறித்துப்போம். மேலும் காட்டிலே வேடன் கையில் இருப்பது கல் ஒன்றே. மிகக் கடிய எஃகைக் கல்லில் தீட்ட நெடும்பொழுது செல்லும். ஆகையால் நல்ல கொல்லன் வேட்டையம்புக்கு வேண்டுமென்றே ஒரு படி மெதுவாகத் தோய்ச்சல் கொடுப்பான். தனக்குப்பின் அதனைத் தீட்டப் போகிறவனை நினைத்து அவன் செய்யும் உதவி அது. அரமும் அங்ஙனமே. தோய்ச்சலுக்கு முன் அலகை அரத்தால் அராவி வடிவப்படுத்தலாம். கடுமையாகத் தோய்ந்தபின் அரம் அதன்மீது வழுக்கும். "அரத்துக்கு அடங்குகிற வரைக்கும் அரம், அப்புறம் கல்" என்பது எம் தந்தையார் வாய்மொழி. வள்ளுவனார் அரத்தை மூன்று குறட்பாக்களில் உவமையாக்கினார். உட்பகை உற்ற குடி தேய்வதற்கு அவர் காட்டிய உவமை, அரத்தால் அராவப்பட்ட இரும்பு. கொல்லன் பட்டறை வாயிலில் நின்று பார்த்த கண்ணன்றி அவ்வுவமை தோன்றாது.

தீட்டும் முறை சொல்லுதற்கு எளிது, கைக்கு அரிது. அலகைக் கல்லின்மீது சற்றே சாய்த்து வைத்து, அச்சாய்வு மாறாமல் ஒரு பக்கத்தைத் தேய்க்க வேண்டும். இரு பக்கத்துச் சாய்வும் சேர்ந்து நாற்பது பாகையளவில் நின்றால் வேட்டைக்குப் பொருந்தும். அதனினும் மெலிந்தால் எலும்பில் மடங்கும். மிகத் தடித்தால் கிழிக்காது. ஒரு பக்கம் தேய்ந்து விளிம்பை எட்டியதும் மறுபக்கத்திலே கண்ணுக்குத் தெரியாத பிசிறு ஒன்று எழும். பெருவிரலால் மெல்லத் தடவினால் அது தடைப்படும். பின் மறுபக்கத்தைத் தேய்த்தால் பிசிறு இந்தப் பக்கம் சாயும். இப்படி மாறி மாறிக் கையழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் தோலிலே இழுத்துவிட்டால் பிசிறு உதிர்ந்துபோம். பிசிறு நிற்கும்போதே கூர் வந்துவிட்டது என்று எண்ணி எழுந்துவிடுவோர் பலர். அக்கூர் ஒருமுறை படும் வரைக்குமே. யாமும் சிறுவயதிற் பலமுறை அங்ஙனம் எழுந்து, அரிவாளைத் தந்தையாரிடம் கொடுத்து, மறுபடியும் கல்லுக்கே அனுப்பப்பட்டிருக்கிறோம்.

இவ்வளவு பாடு எதற்கு என்று சிலர் வினவலாம். துப்பாக்கிக் குண்டு தாக்குதலின் வலிமையால் விலங்கை வீழ்த்துவது. அம்புக்கு அவ்வலிமை இல்லை. அது இரத்தக் குழாய்களை அறுத்துக் குருதியை வெளியேற்றியே கொல்ல வேண்டும். கூரிய விளிம்பு பட்ட குழாய் அறுபடும். மழுங்கிய விளிம்பு பட்ட குழாயோ வழுக்கி விலகிக்கொள்ளும். அறுபட்ட விலங்கு சிறிது தொலைவில் வீழும். மழுங்கிய அம்பை ஏற்ற விலங்கு அம்போடு ஓடி, யார்க்கும் பயன்படாது புதரிலே நாட்கணக்கில் கிடந்து சாகும். வேட்டை நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடுக்கப்பெற்றது, அது நன்றே. ஆயினும் வேட்டையே வாழ்வாயிருந்த நாளில், பாறையிலே உட்கார்ந்து அம்பு தீட்டிய எயினனை வெறும் கொடியவன் என்று உரைப்பது பொருந்தாது. தீட்டாது எய்தவனே கொடியவன்.

குறுந்தொகையிலே 272-ஆம் செய்யுள் கலைமானின் மார்பிற் பாய்ந்த அம்பைக் குருதியொடு பறித்தெடுத்தலைக் கூறும். எய்த அம்பை விட்டுவிடாது மீளப் பறித்துக்கொள்ளும் வழக்கம் இதனால் விளங்கும். பறித்த அம்பு முன்போல் இராது. விளிம்பு மழுங்கியிருக்கும், எலும்பிற் பட்டிருந்தால் அலகின் காம்பும் சற்றே கோணியிருக்கும். மழுங்கலுக்குப் பாறை உண்டு. கோணலுக்கு யாது செய்வது?

இதற்கு விடையாவதே பதினாறாம் செய்யுள். பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது. கள்ளிக்காட்டைக் கடந்து சென்ற தலைவர் நம்மை நினையாரோ என்னும் ஏக்கத்திற் பிறந்தது. அக்காட்டிலே செங்காற் பல்லி தன் துணையை அழைக்கும் ஓசைக்கு ஓர் உவமை வருகின்றது. வழிப்பறிக் கள்வர் தம் இரும்பு அம்புகளைச் செப்பம் செய்தற்பொருட்டு நகத்தின் நுனியிலே புரட்டும் ஓசையே அவ்வுவமை. கள்வர் அம்பு வேட்டையம்பு ஆகுமா என்று வழக்காடுவார் சிலர் இருப்பர். அம்பு ஒன்றே, எதிரே வருவது மானா மனிதனா என்பதே வேற்றுமை. அவ்வழக்கை இங்கே நீட்டவில்லை.

இருபது ஆண்டுகள் அளவில் யாம் இச்செய்யுளை மாணாக்கர்க்குப் பாடம் சொல்லி வந்தோம். அம்பு கூர்மையாயிற்றா என்று நகத்திலே வைத்துப் பார்ப்பர் என்றே பொருள் கூறினோம். அதற்கு எமக்குச் சான்றும் இருந்தது. கத்தியின் விளிம்பை நகத்தின்மீது சாய்த்து வைத்தால், கூரியதாயின் பற்றிக்கொண்டு நிற்கும், மழுங்கியதாயின் வழுக்கிப்போம். எங்கள் பட்டறையில் நாள்தோறும் நடந்த சோதனை அது. கொல்லன் மகனாய்ப் பிறந்ததனால் பிற ஆசிரியர்க்குத் தெரியாத நுட்பம் எமக்குத் தெரிந்தது என்று உள்ளத்திலே ஒரு செருக்கும் இருந்தது.

ஆறு ஆண்டுகட்கு முன் நவராத்திரி விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தோம். கொங்குநாட்டிலே விசயதசமியன்று கோயில்களில் அம்புசேர்வை நடைபெறும் என்பது அப்பகுதி அன்பர்கள் அறிந்ததே. வாழைமரமும் வன்னிக்கிளையும் நட்டு, சுவாமி சார்பில் அம்பெய்வர். எங்களூர்க் கோயிலுக்கு அம்பலகு செய்து கொடுப்பது வழிவழியாக எங்கள் வீட்டு வேலை. எழுபதைக் கடந்த தந்தையார் அன்று அலகை அடித்து, அராவி, கோலிலே செருகி முடித்தார். பின் இடக்கைப் பெருவிரலை மடக்கி, அதன் நகத்தின்மேல் அம்பின் நுனியை நிறுத்தி, கோலை வலக்கை விரல்களுக்கிடையே தளர்வாகப் பற்றி, விர்ரென்று உருட்டினார். மேல்முனை சிறிதே ஆடிற்று. காம்பின் அருகே சுத்தியலால் மெல்ல ஒரு தட்டுத் தட்டி, மறுபடியும் உருட்டினார். மூன்றாம் முறை அம்பு ஆடாது, நின்ற இடத்திலேயே பம்பரம் போற் சுழன்றது. "சரி" என்று கீழே வைத்தார்.

"என்னப்பா இது?" என்றோம்.

"அலகும் கோலும் ஒரே நேரிலே இருக்கின்றனவா என்று பார்க்கிறேன். துறப்பண ஊசிக்கும் இப்படித்தான். ராட்டினக் கதிருக்கும் இப்படித்தான். கோணல் கண்ணுக்குத் தப்பும், நகத்துக்குத் தப்பாது."

யாம் எம் குறுந்தொகை விளக்கத்தைச் சொன்னோம். நகத்திலே பார்ப்பது கூர்மையை அல்லவா என்றோம்.

"கூர் பார்க்கிறவன் எதற்குக் கண்ணு புரட்டுகிறான்? வைத்து இழுத்தால் போதாதா?"

அவ்வளவே அவர் சொன்னது. யாம் தலை குனிந்தோம். செய்யுளிலே இருப்பது 'புரட்டுதல்' என்னும் சொல். அதன் நோக்கமாகக் கூறப்பெற்றது 'செப்பம்'. செப்பம் என்பதற்கு நேர்மை, ஒழுங்கு என்றே பொருள். கூர்மை என்று பொருளில்லை. நேரான தெருவையும் செப்பம் என்பர். இரு சொல்லும் கண்முன் கிடக்க, இருபது ஆண்டுகள் அவற்றைக் கடந்து சென்றிருக்கிறோம். அலகு கோணிய அம்பு எவ்வளவு கூரியதாயினும் காற்றிலே விலகிச் செல்லும். அகன்ற அலகாயின் காற்று அதனை மேலும் பிடித்து இழுக்கும். ஒரு பக்கத்தை மிகுதியாகத் தீட்டிவிட்டாலும் நுனி நடுவிலிருந்து ஒதுங்கிவிடும். எனவே பாறையில் தீட்டியபின் நகத்திற் புரட்டுதலே முறை.

இனிக் கொல்லனுக்குரிய இடத்தையும் சொல்ல வேண்டும். புறநானூற்றின் 95-ஆம் செய்யுளில் ஔவையார், தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசப்பெற்று அழகுற அரண்மனையில் இருத்தலையும், அதியமானின் படைக்கலங்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து எக்காலும் கொல்லன் சிறு கொட்டிலில் கிடத்தலையும் எதிரெதிர் வைத்துப் பாடினார். இதனோடு குறுந்தொகையை வைத்து நோக்கின் பங்கீடு தெளிவாகின்றது. மழுங்கியதை உடையவனே தீட்டிக்கொள்வான். முறிந்தது கொல்லனிடம் வரும். எங்கள் ஊரிலும் பாட்டனார் நாளில் அவ்வாறே. குடியானவன் அரிவாளைத் தன் வீட்டுத் திண்ணைக் கல்லிலே தானே தீட்டிக்கொள்வான். தேய்ந்து அலகு குறுகியபோதோ, வாய் உடைந்தபோதோ பட்டறைக்குக் கொண்டுவருவான். அதைக் காய்ச்சி அடித்துக் கொடுப்பதற்குத் தனித்தனிக் கூலி இல்லை. அறுப்புக் காலத்திலே களத்துமேட்டில் நெல் அளப்பர். நாள்தோறும் தீட்டும் வேலையும் கொல்லனதே ஆயிருந்தால் ஒரு பட்டறை ஓர் ஊருக்குப் போதியிராது. பத்தாண்டுகட்கு முன் யாம் எழுதியதை, இக்கணக்கை ஒருமுறை எண்ணிப் பார்த்திருந்தாலும் எழுதியிரோம்.

ஒன்று மட்டும் எம் உள்ளத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. செய்யுள் ஓசையைச் சொல்கின்றது. தந்தையார் உருட்டியபோது பட்டறைக்கு வெளியே விழாக்கூட்டத்தின் ஆரவாரம்; ஓசை எதையும் யாம் கேட்கவில்லை. பல்லியின் செய்தியை அவரிடம் சொல்லி வினவியிருக்கலாம். அடுத்த விடுமுறையில் வினவலாம் என்று விட்டோம். பல விடுமுறைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் வேறு பேச்சு இருந்தது. மூன்று ஆண்டுகட்கு முன் அவர் காலமானார். இப்பொழுது கோயிலுக்கு அம்பலகு நகரத்திலிருந்து விலைக்கு வருகின்றது.

சென்ற மார்கழியில் ஊர் சென்றபோது, பட்டறைப் பரணில் அவர் கடைசியாகச் செய்த அம்பு கிடந்தது. மரத்திற் பாய்ந்து பறித்தபோது காம்பு சற்றே வளைந்திருந்தது போலும். இரவு, ஊர் அடங்கியபின், திண்ணையில் அமர்ந்து அவர் செய்தவாறே நகத்தில் நிறுத்தி உருட்டினோம். முதலில் கைக்கு வசப்படவில்லை. நாலைந்து முறை சரிந்தது. பின் நின்று சுழன்றது. கோணிய அலகு ஒவ்வொரு சுற்றிலும் நகத்தை ஒருமுறை தட்டிற்று. சிறிய, வறண்ட, விட்டுவிட்டு வரும் ஓசை.

உள்ளறையிலே படுத்திருந்த எம் அன்னையார் விரலால் தரையைத் தட்டி, "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்றார். பல்லி ஒலித்தால் அங்ஙனம் செய்வது அவர் வழக்கம்.

"பல்லி எந்தத் திக்கிலே சொல்லுது, கண்ணு?" என்று கேட்டார்.

யாம் அம்பைக் கீழே வைத்தோம். ஓசை நின்றது. பெருங்கடுங்கோ கேட்டது செப்பமாகாத அம்பின் ஓசை என்பது அப்போது விளங்கிற்று. நேரான அம்பு பேசாது சுழலும். காட்டுவழியிலே அவ்வோசை கேட்குமாயின், கள்வர் இன்னும் அம்புகளைச் செப்பம் செய்துகொண்டிருக்கின்றனர் என்றே பொருள். அவ்வழியே தலைவன் செல்கின்றான். பல்லியின் குரலைப் புலவர் வேறு எதனோடும் ஒப்பிடாது இதனோடு ஒப்பிட்டதில் தலைவியின் அச்சம் முழுதும் அடங்கியிருக்கின்றது. இதனைத் தந்தையாரிடம் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அறியோம்.

அலகின் காம்பைச் செப்பம் செய்ய முயன்றோம். எம் தட்டு வலுத்துவிட்டது. கோணல் மறுபக்கம் சென்றது. அம்பு இப்பொழுது எம் மேசைமீது உளது. நம் சங்கத்தினருள் எவர் வீட்டிலேனும் பழைய அம்பலகோ, ஈட்டியோ, துறப்பணமோ இருப்பின், அதன் அளவையும், அது செய்யப்பெற்ற ஊரையும், நகத்திற் புரட்டும் இச்சோதனைக்கு அவ்வூர்ப் பட்டறைகளில் வழங்கும் பெயரையும் இவ்விதழ் முகவரிக்கு எழுதியனுப்புமாறு வேண்டுகின்றோம். எங்கள் பட்டறையில் அதற்குப் பெயர் ஒன்று இருந்திருத்தல் வேண்டும். அதனையும் யாம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.